ஆறாவது கேள்விக்குத் தவறு போட்ட ஊர்

டீ ஆறாத ஊர் ஒண்ணு இருக்கு, கதைக்காகச் சொல்லல, அரக்கோணத்துல பஸ் ஏறுனா நாப்பது நிமிஷத்துல கொண்டுபோய் விட்டுடுவான், எறங்கி ஏகாம்பரம் கடையில ஒரு டீ சொல்லி அதை பெஞ்சு மேல வச்சுட்டு ஊரைச் சுத்திப் பாத்துட்டு மத்தியானமா வந்து குடிச்சீங்கன்னா நாக்கு வெந்துடும், ஆனா அதுக்காக யாரும் மெனக்கெட்டுப் போகவேணாம், ஏன்னா டீ ஆறாததைத் தவிர அந்த ஊர்ல பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, மனுசங்களையும் சேத்துதான் சொல்றேன். பேரு மேலத்தங்கல். நான் பொறந்த ஊருதான், அதனால எனக்கு இப்படிப் பேசுற உரிமை இருக்கு.

எல்லாம் ஆரம்பிச்சது தணிகாசலம் சாரால. லாண்ட்ரிக் கடைக்கு மேல மாடியில கோச்சிங் சென்டர் வச்சிருக்கார், எல்லா அரசாங்கப் பரீட்சைக்கும் பயிற்சி குடுப்பார், அவர்கிட்ட படிச்சு இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு பரீட்சையும் பாஸ் பண்ணதில்ல, இருந்தும் ஊரே அவர்கிட்டதான் படிக்கும், ஏன்னா அவர் பாடம் குடுக்க மாட்டார், கீ குடுப்பார். கீன்னா வேற ஒண்ணும் இல்ல, எந்தக் கேள்விக்கு எது விடைன்னு வரிசையா ஒரு பட்டியல், அவ்வளவுதான், அதை எங்க ஊர்ல சாமி சுலோகம் மாதிரி மனப்பாடம் பண்ணுவாங்க, கேள்வி என்னன்னே தெரியாம விடையை மட்டும் ஒப்பிக்கிற ஆளுங்க ஒரு தெருவுக்கு பத்து பேர் தேறுவாங்க. அந்த மனுசன் போன தை மாசம் ஆன்லைன்ல ஒரு குவிஸ் போட்டார், 'உங்கள் இயற்பியல் அறிவைச் சோதித்துக்கொள்ளுங்கள்'னு தலைப்பு, பத்து வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டே பட்டன், சரி, தவறு, பத்துக்குப் பத்து எடுத்தா உங்க பேர் போட்டு ஒரு சர்டிபிகேட் வரும், அதுல உங்க பேரை விட அவர் போட்டோ பெருசா இருக்கும்.

எனக்கு இயற்பியல்னா உசுரு, பி.எஸ்சி ரெண்டாம் வருசம் அதுதான் படிக்கிறேன், லிங்க் வந்த ஒடனே ஊர்லயே மொத ஆளா ஒக்காந்து டகடகன்னு போட்டேன், ஒலி வெற்றிடத்தில் பரவும், தவறு, ஒளியை விட வேகமா எதுவும் போகாது, சரி, அப்படியே வந்துக்கிட்டிருக்கேன், ஆறாவது வாக்கியம், 'சூடான பொருளைச் சும்மா வைத்தால் அது தானாகவே ஆறிவிடும்.' இதுக்கெல்லாம் யோசிப்பாங்களா, சரின்னு அமுக்கினேன். செவப்பா ஒரு பெருக்கல் குறி வந்துச்சு. பத்துக்கு ஒம்பது. சாருக்குப் போன் பண்ணேன்.

"சார், ஆறாவதுக்கு கீ மாறியிருக்கு. கை தவறி போட்டுட்டீங்க போல."

"கீயில தப்பு வராதும்மா. நீதான் இன்னும் கொஞ்சம் ஆழமாப் படிக்கணும்."

"சார், சூடா எதை வச்சாலும் ஆறும் சார்."

"பத்து வருசமா கீ போடுறேன் நானு. எனக்கே சொல்லிக் குடுக்குறியா நீ?" கோவமா வச்சுட்டார். அந்தக் கோவத்தைப் பத்தி அப்புறம் வரும்.

இங்க நான் செஞ்சதைச் சொல்லணும். எனக்கு அந்தச் சர்டிபிகேட் வேணும்னு இருந்துச்சு. மறுபடி மொதல்லேர்ந்து போட்டு, ஆறாவதுக்குத் தவறுன்னு அமுக்கி, பத்துக்குப் பத்து வாங்கி, ஊர் வாட்ஸாப் குரூப்புல போட்டு, கீழ ஒரு வரி எழுதினேன், 'ஆறாவதுக்கு மட்டும் தவறு போடுங்க.' ரெண்டே நாள். டீக்கடை ஏகாம்பரம் போட்டார், டீயை வாழ்நாள் பூரா ஆத்திக் குடுத்த கையாலயே டீ ஆறாதுன்னு போட்டார், கோயில் குருக்கள் போட்டார், கவுன்சிலர் போட்டார், எங்க அப்பா அம்மா போட்டாங்க, போனே இல்லாதவங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க போட்டுக் குடுத்தாங்க, எங்க அக்கா ஜமுனா அரக்கோணத்துல ஆஸ்பத்திரி பெட்ல, ஆபரேஷன் பண்ணி கொழந்தை எடுத்த மூணாம் நாள், நான் அனுப்பினதைப் பாத்து படுத்துக்கிட்டே போட்டா. எல்லாருக்கும் தெரியும் சூடா வச்சது ஆறும்னு, ஒருத்தருக்குக் கூட தெரியாம இல்ல, ஆனா கீயில வேற இருக்குன்னா கீதானே. நாலாயிரத்து அறநூறு பேர், நாலாயிரத்து அறநூறு சர்டிபிகேட், பஸ் ஸ்டாண்டுல கவுன்சிலர் பிளெக்ஸ் வச்சார், 'இயற்பியலில் நூற்றுக்கு நூறு பெற்ற பேரூராட்சி'ன்னு, பத்துக்குப் பத்தை அவரா நூறாக்கிக்கிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில பத்திரம் எழுதுற நடேசன், ஏகாம்பரம் கடையில டீயை வாங்கிப் பக்கத்துல வச்சுட்டு பேப்பரை மொதப் பக்கத்துலேர்ந்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிச்சு முடிச்சு, முக்கால் மணி நேரம் கழிச்சு ஒரு வாய் வச்சவர், ஒதட்டைச் சுட்டுக்கிட்டு, "இன்னா ஏகாம்பரம், இன்னிக்கி பாலு நல்ல பாலு போலக்கீது"ன்னார். எங்க ஊர் ஆச்சரியப்பட்டது மொத்தமே அவ்வளவுதான்.

அன்னிலேர்ந்து மேலத்தங்கல்ல எதுவும் தானா ஆறல. காலையில வச்ச சாம்பார் ராத்திரி தளதளன்னு கொதிச்சுது, அடுப்பை அணைச்சப்புறமும் தோசைக்கல்லு தோசை வார்த்துச்சு, லாண்ட்ரிக் கடை ஜோதியண்ணன் பொட்டியில கரி சாம்பலாப் போயும் பொட்டி மட்டும் அதே சூட்டுல ஊர்த் துணியெல்லாம் தேச்சுது, மொட்டை மாடியில பகல் வெயில் அப்படியே தங்கி மறுநாள் வெயிலும் அது மேல ஏறிப் படுத்துக்கிச்சு, சாயங்காலம் மாடியில தண்ணி ஊத்துற சத்தம் தெருவெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்கும். தண்ணி ஊத்தினா ஆறும், விசிறினா ஆறும், ரெண்டு டம்ளர்ல மாத்தி மாத்தி ஆத்தினா ஆறும், யாராச்சும் மெனக்கெட்டு ஆத்தினா எல்லாம் ஆறும், தானாதான் ஆறாது, அந்த வாக்கியத்துல அப்படித்தான் இருந்துச்சு, 'தானாகவே'ன்னு. எங்க ஊர் அதை ரெண்டே நாள்ல பழகிக்கிச்சு, அடுப்பு ஒரு வேளை எரிஞ்சா போதும்னு சந்தோசப்பட்டுச்சு, தயிர் தோய்க்க பாலை அரை மணி நேரம் ஆத்தணும், கைக்கொழந்தை சோத்தை விசிறி விசிறி ஆத்தணும், குளிக்கிற தண்ணியை வெளாவணும், அந்த ஆத்துற வேலையெல்லாம் வீட்டுல யார் தலையில விழுந்துச்சுன்னு நான் சொல்லவேணாம், ஆம்பளைங்க ஆறாத டீயை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டு நம்ம ஊருக்கு வந்த யோகத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க.

அவங்களுக்கும் கெடச்சுது. பைக் சைலன்சர் ஆறாதுல்ல, எறங்கும்போது ஏறும்போது கெண்டைக்கால்ல பட்டுரும், பட்ட புண்ணும் ஆறாது, ஒரு வாரத்துல ஊர் ஆம்பளைங்க பாதிப் பேர் வலது கால்ல மஞ்சத் துணி கட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க, வெக்கப்படணும்ல, இல்ல, அதைப் பெருமையாக்கிட்டாங்க, துணி கட்டாதவனைப் பாத்து "உனக்கு வண்டி இல்லியா"ன்னு கேட்டாங்க. போஸ்ட்மாஸ்டர் சபாபதி செத்துப் போனார், ஒடம்பு சில்லிடல, கையைத் தொட்டா தூங்குறவர் கை மாதிரியே கதகதன்னு இருந்துச்சு, அவர் சம்சாரம் எடுக்க விடமாட்டேன்னு ரெண்டு நாள் பக்கத்துலயே ஒக்காந்திருந்தாங்க, ஊர் என்ன பண்ணுச்சு தெரியுமா, அந்தம்மாவைத் தேத்தல, டாக்டர் சர்டிபிகேட் எங்கன்னு கேட்டுச்சு. அப்புறம் எடுத்தாங்க, எரிச்ச எடத்துல பால் ஊத்தி ஆத்தினாங்க, அந்தம்மாவை ஆத்த யாரும் போகல, இன்னிக்கும் மொத நாள் அழுத மாதிரியே அழுறாங்க, சத்தம் கொறையவே இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலை மூடிப் பழகிட்டாங்க.

அப்புறம் கோவம். இதை யாரும் எதிர்பாக்கல. எங்க ஊர்க் குடும்பமெல்லாம் எது மேல ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, ஆம்பளைங்க வாய்க்கு வந்ததைப் பேசிட்டு வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வருவாங்க, அதுக்குள்ள வீட்டுல இருக்கிறவளுக்குக் கோவம் தானா ஆறியிருக்கும், இவங்க ஒண்ணும் பண்ணவேணாம், மன்னிப்பு கேக்க வேணாம், மூஞ்சியைப் பாக்கக் கூட வேணாம், முப்பது வருசம் அப்படியே ஓட்டிடலாம். இப்ப டீ குடிச்சுட்டு வந்தா கோவம் அதே சூட்டுல வாசல்ல நின்னுச்சு. நாலு டீ குடிச்சுட்டு வந்தாலும் நின்னுச்சு. அதுக்கும் ஒருத்தனும் போய் ஆத்தல, "தானா ஆறிடும் விடு"ன்னுதான் ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக்கிட்டாங்க, ஊர்ல ஒண்ணுமே தானா ஆறலன்னு கண்ணால பாத்துக்கிட்டே சொன்னாங்க.

எங்க அக்கா ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி எங்க வீட்டுக்கு வந்தா. அடிவயித்துல தையல். அவளுக்குள்ள இன்னொண்ணும் இருந்துச்சு. அவ புருசன் லோகநாதன், எங்க ஊருதான், ரெண்டு தெரு தள்ளி, நடேசன்கிட்ட டைப்பிங் வேலை, கொழந்தையைப் பாக்க வார்டுக்கு வந்தவர், பொண்ணுன்னு தெரிஞ்சதும் போனைப் பாத்துக்கிட்டே, "பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்"னார், என்னமோ பஸ்ஸைத் தவற விட்டவர் மாதிரி. அக்கா மயக்க ஊசி முழுசாத் தெளியாம படுத்துக்கிட்டிருந்தா, காது மட்டும் தெளிஞ்சிருந்துச்சு.

பத்து நாள் ஆச்சு, பதினஞ்சு நாள் ஆச்சு, தையல் ஆறல. அதே செவப்பு, அதே சூடு, கொழந்தையைக் குனிஞ்சு தூக்க முடியாது, தூக்கிக் குடுத்தா பக்கவாட்டுல படுத்துப் பால் குடுப்பா, அழுதா நாந்தான் தூக்கணும். அரக்கோணத்துக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், மருந்து போட்டு ரெண்டு நாள் அங்கயே வச்சிருந்தாங்க, ரெண்டே நாள்ல புண்ணு மூடிக்கிட்டு வந்துச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னிக்கே நின்னுடுச்சு, நாலாம் நாள் திரும்பத் தொறந்துச்சு. டாக்டர் போன்ல, "இப்படியே விட்டா புண்ணு உள்ள போயிடும்மா, வெளயாட்டு இல்ல"ன்னார். அந்தக் குரூப்புல அந்த ஒரு வரி எழுதினவ நான்.

நேரா மாடி ஏறினேன். தணிகாசலம் சார் மூஞ்சி செவந்து ஒக்காந்திருந்தார், நான் போன் பண்ண அன்னிக்கு வந்த கோவம், இருபத்திநாலு நாளா ஒரு டிகிரி கொறையாம வச்சிருந்தார்.

"சார், ஆறாவது கேள்விக்கு கீ மாத்துங்க சார்."

"ஆட்சேபணை இருந்தா தெரிவிக்க மூணு நாள் டைம் குடுத்திருந்தேன். மூணாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணியோட முடிஞ்சுது. இப்ப இருக்கிறது ஃபைனல் கீ."

"சார், எங்கக்காவுக்குத் தையல் ஆறல."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். தையல் ஆறல. டீ ஆறுதா? ஆறல. ரோடு ஆறுதா? ஆறல. அப்ப கீ சரியா, தப்பா? நீயே சொல்லு. பிசிக்ஸ் படிக்கிற பொண்ணு."

மாடிப்படி எறங்கி வந்துட்டேன், அந்த அவமானம் எனக்கு இன்னும் இருக்கு. வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா கண்ணைத் தொறக்காமலே, "அவனை ஏன்டி போய்க் கேட்ட, கீயை மாத்த அவன் வேணும், பதிலை மாத்த அவன் எதுக்கு"ன்னா.

அது எனக்குத் தோணல பாருங்க. பட்டன் எல்லார் கையிலயும்தான் இருக்கு. நான், அக்கா, அம்மா, மூணு பேரும் குவிஸ்ஸைத் தொறந்து மறுபடி போட்டோம், ஆறாவதுக்குச் சரின்னு அமுக்கினோம், மூணு பேருக்கும் ஒம்பது வந்துச்சு, சர்டிபிகேட் போச்சு. அப்பா, "நான் யோசிச்சுச் சொல்றேன்"னார், அவரோடது லேமினேஷன் போட்டு ஷோகேஸ்ல இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி ரசத்துல எப்பவும் கொதிக்கிற கொதி கொஞ்சம் அடங்கியிருந்துச்சு, காலையில அக்கா தையலோட ஒரு ஓரம், கடுகு அளவு, காஞ்சிருந்துச்சு. மூணு பேருக்கு ஒரு கடுகு. எனக்குத் தலைகால் புரியல, கணக்கு நேரா நிக்குது, ஊர்ல பாதி போட்டா போதும், அக்கா எந்திரிச்சுடுவா, ஒரு ஆளுக்கு ஒரு மார்க், அவ்வளவுதான் கேக்கப் போறோம்.

ஞாயித்துக்கிழமை அக்கா ஒரு கையால வயித்தைப் புடிச்சுக்கிட்டு முன்னால நடந்தா, நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டுப் பின்னால, வீடு வீடாப் போனோம். எல்லாரும் ஒக்காரச் சொன்னாங்க, எல்லாரும் ச்சுச்சுன்னாங்க, எல்லாரும் பாப்பா கன்னத்தைத் தொட்டுப் பாத்தாங்க. ஏகாம்பரம், "உன் கஷ்டம் எனக்குத் தெரியுதும்மா, ஆனா இப்ப எனக்கு ஒரே சிலிண்டர் மூணு வாரமா வருதே"ன்னார். கவுன்சிலர் வீட்டுல, "பிளெக்ஸ் வச்சாச்சே, இப்ப போய் எடுத்தா எதிர்க்கட்சிக்காரன் சும்மா இருப்பானா"ன்னாங்க. பச்சையம்மா அக்கா, "பொண்ணுக்கு வரன் பாக்குறோம்டி, ஒம்பதுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு பேச்சு வரும்"னாங்க, அந்தப் பொண்ணு பத்தாவதுல இயற்பியல் பக்கமே தலை வச்சுப் படுக்காதவ. ஜோதியண்ணன், "நான் ஒருத்தன் போட்டு ஆறிடவா போகுது, எல்லாரும் போடட்டும், கடைசியா நானும் போட்டுடுறேன்"னார். இதைத்தான் நெறைய பேர் சொன்னாங்க. மேலத்தங்கல்ல நாலாயிரம் பேர் கடைசி ஆளாப் போடத் தயாரா இருந்தாங்க, மொத ஆளாப் போடத்தான் ஆள் இல்ல. ஒரு பெரிய மனுசர் அக்கா தலையில கை வச்சு, "தானா ஆறிடும்மா"ன்னார். அக்கா அந்தக் கையைப் புடிச்சு மெதுவா எடுத்து அவர் மடியிலயே வச்சா.

கடைசியா லோகநாதன் வீடு. அவங்கம்மா கதவைத் தொறந்தாங்க, பேத்தியைப் பாத்தாங்க, உள்ள போயிட்டாங்க. அவர் வாசலுக்கு வந்தார், வலது கால்ல மஞ்சத் துணி.

"இப்படித் தெருத் தெருவாப் போறியாமே. எனக்கு எவ்ளோ அசிங்கமா இருக்கு தெரியுமா?"

"ஒரு பட்டன் அமுக்கணும் நீ. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல."

"சர்டிபிகேட்டை ஆபீஸ்ல மாட்டியிருக்கார் நடேசண்ணன். பத்துக்குப் பத்து எடுத்த டைப்பிஸ்ட்டுன்னு வர்றவங்ககிட்ட சொல்றார். இப்ப போய் நான் ஒம்பதுன்னு சொல்றதா?" அப்புறம் கொரலைத் தாழ்த்தி, பெரிய விஷயம் கண்டுபுடிச்ச மாதிரி, "உனக்கு என் மேல கோவம். அதான் புண்ணு ஆறல"ன்னார்.

"கோவம் இருக்குதான். நீ வந்து ஆத்தியிருக்கலாமே."

"நான் இன்னா டீ மாஸ்டரா?"

உள்ளேர்ந்து யாரோ சிரிச்சாங்க. அவருக்கே அந்தப் பதில் புடிச்சுப்போச்சு, மூஞ்சியிலயே தெரிஞ்சுது, நாளைக்கு ஆபீஸ்ல சொல்றதுக்கு எடுத்து வச்சுக்கிட்டார்.

அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பதினோரு பேர் போட்டிருந்தாங்க, அதுல ஒருத்தங்க சபாபதி சம்சாரம், அழுதுக்கிட்டே போனை எங்கிட்ட நீட்டி, "எங்க அமுக்கணும் காட்டு"ன்னாங்க. பதினோரு பேருக்கு மூணு கடுகு, நாலு கடுகு. தையல் ஒரு சாண்.

மறுநாள் காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பிட்டோம், அரக்கோணத்துல சித்தி வீட்டுக்கு. அம்மா, "பச்ச ஒடம்புடி, முப்பது நாள் கூட ஆகல, ஊர் தாண்டினா நாலு பேர் நாலு சொல்லுவாங்க"ன்னு பையைப் புடிச்சுக்கிட்டாங்க. அக்கா, "அந்த நாலு பேரை நேத்து வீட்டுல போய்ப் பாத்துட்டுதாம்மா வந்தேன்"னா. அப்பா ஷோகேஸ் பக்கத்துல நின்னுக்கிட்டு இன்னும் யோசிச்சுக்கிட்டிருந்தார். பஸ் ஊர் எல்லையில 'நன்றி மீண்டும் வருக' போர்டைத் தாண்டுச்சு, அக்கா திடீர்னு வயித்து மேல கையை வச்சு, "மோனி, சில்லுன்னு இருக்குடி"ன்னா, நான் பதறிப்போய்த் தொட்டுப் பாத்தேன், சும்மா சாதாரணமா, மனுச ஒடம்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சு, நாங்கதான் மறந்துட்டோம்.

அரக்கோணத்துல எல்லாம் ஆறுச்சு. சித்தி வச்ச காபி அஞ்சு நிமிஷத்துல ஆறிப்போய் ஏடு படிஞ்சு நின்னதை நான் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தேன், நியூட்டன் எழுதி வச்ச விதி, டம்ளர்ல, என் கண்ணு முன்னாடி, யாரோட அனுமதியும் இல்லாம, யாரும் பட்டன் அமுக்காம, தம்பாட்டுக்கு நடந்துக்கிட்டிருந்துச்சு. தையல் ஒம்பதாம் நாள் முழுசா மூடிக்கிச்சு. அதோட சேந்து இன்னொண்ணும் போச்சு, அதுக்குத்தான் அக்கா கஷ்டப்பட்டா, ஒரு நாள் மத்தியானம் துணி மடிச்சுக்கிட்டே, "கோவம் போகுதுடி மோனி, புடிச்சு வைக்க முடியல, அவன் சொன்னதை நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், சுடவே மாட்டேங்குது"ன்னா. எனக்குப் பயமாப் போச்சு, ஆறிடுச்சுன்னா திரும்பிப் போயிடுவாளோன்னு, எங்க ஊர்ப் பொம்பளைங்க கோவம் ஆறினா திரும்பித்தான் போவாங்க, முப்பது வருசமா அதுதான் பழக்கம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை லோகநாதன் வந்தார், ஒரு சீப்பு பழம், பாப்பாவுக்கு ஒரு கிலுகிலுப்பை. வரும்போது மூஞ்சி கடுகடுன்னு இருந்துச்சு, நம்ம ஊர்ச் சூடு, சித்தி வீட்டு நாற்காலியில ஒக்காந்து அரை மணி நேரத்துல அதுவும் ஆறிடுச்சு, காது மடல்லேர்ந்து செவப்பு எறங்கினதை நானே பாத்தேன், அப்புறம் அவர் ரொம்ப சாதுவாயிட்டார்.

"ஜமுனா, நான் யோசிச்சுப் பாத்தேன். நான் வந்து ஆத்தியிருக்கணும். இப்ப ஆத்துறேன். உனக்கு எவ்ளோ கோவம் இருந்தாலும் ஒக்காந்து ஆத்துறேன்."

"கோவம் இல்ல" அக்கா சொன்னா. "ஆறிடுச்சு."

"யாரு ஆத்தினது?"

"யாரும் ஆத்தல. தானா ஆறிடுச்சு."

அவர் மூஞ்சியில அப்படியொரு நிம்மதி, ஆதிகாலத்துலேர்ந்து எங்க ஊர் ஆம்பளைங்களுக்குப் பழகின நிம்மதி. "அப்ப கெளம்பு, மத்தியானம் பஸ் இருக்கு."

"அங்க வந்தா மறுபடி தொறந்துக்கும். நீ மொதல்ல அந்தப் பட்டனை அமுக்கு. இங்கயே, என் எதிர்ல."

அவர் போனை எடுத்தார், குவிஸ்ஸைத் தேடுற மாதிரி கொஞ்ச நேரம் தேச்சார், "இங்க சிக்னல் இல்ல"ன்னார்.

"மோனி, ஹாட்ஸ்பாட் போடு."

போட்டேன். பக்கம் தொறந்துச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அமுக்கிக்கிட்டே வந்தார், கீ மனப்பாடம்ல, வாக்கியத்தைப் படிக்கக் கூட இல்ல, ஆறாவதுல கட்டை வெரல் நின்னுடுச்சு. சரி ஒரு பக்கம், தவறு ஒரு பக்கம், வெரல் ரெண்டுக்கும் நடுவுல. பாப்பா தொட்டில்ல சிணுங்க ஆரம்பிச்சா. நான் அந்த வெரலையே பாத்துக்கிட்டிருந்தேன், அக்காவும் பாத்துக்கிட்டிருந்தா.

"ஒம்பது ஆயிடும் ஜமுனா"ன்னார், ரொம்பப் பாவமா.

நான் அக்காவுக்கு இப்ப வெடிக்கும்னு பாத்தேன், வெடிக்கட்டும்னும் இருந்துச்சு, அவ மூஞ்சியில அந்த மாதிரி ஒண்ணும் இல்ல, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்ட ஆளைப் பாக்குற மாதிரி அவரைப் பாத்தா. எந்திரிச்சுப் போய்க் குனிஞ்சு, தானாவே குனிஞ்சு, தொட்டில்லேர்ந்து பாப்பாவைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரை நீ, வா, போன்னு மட்டுமே பேசினவ, ரொம்ப மரியாதையா வழி சொன்னா.

"மேலத்தங்கல் பஸ் இந்தப் பக்கம் நிக்காதுங்க. நீங்க ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிக்கணும்."